அம்மாச்சியைப் பற்றி எழுதப் புகும் மருமகனுக்கு



உன் அம்மாச்சியின் முதல் வருஷத் திதிக்குள் அச்சிட்டுவிட வேண்டுமென்று நீ எழுதி அனுப்பிய நினைவு மலர்க் குறிப்பு வந்து சேர்ந்தது. கருணைக் கடல் என்றும், பொறுமையில் பூமாதேவி என்றும், தியாகத்தின் திருவுருவம் என்றும் நீ அடுக்கியிருக்கும் விசேஷணங்களில் ஒன்றையும் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், அவற்றை அப்படியே எடுத்து அடுத்த தெருவில் காலமான எந்தக் கிழவியின் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்திப்போகும் என்பதை நினைக்கையில், எண்பத்தொரு பிராயம் வரையில் பூரணமாக வாழ்ந்து தீர்த்த ஒரு ஸ்திரீக்கு நாம் செய்யும் மரியாதை இவ்வளவுதானா என்று மனம் சங்கடப்படுகிறது. ஆகையால் குறிப்பைத் திருத்தாமல், எழுத வேண்டிய வழியைச் சொல்கிறேன்.

முதலில் காலத்தை நிர்ணயித்துக்கொள். அவள் பிறந்தது துன்முகி வருஷம் மாசி மாதம் என்று ஜாதகம் சொல்கிறது. அது 1897-ஆம் ஆண்டின் ஆரம்பம். பள்ளிக்கூடத்துச் சான்றும் பிறப்புப் பதிவும் இல்லாத அக்காலத்துப் பெண்கள் தங்கள் ஜீவியத்தை இங்கிலீஷ் தேதிகளால் அளந்தவர்கள் அல்லர். மகாமகத்தாலும் வெள்ளத்தாலும் புயலாலும் அளந்தவர்கள். “எம்டன் கப்பல் பட்டணத்தில் குண்டு போட்டபோது நான் புதுப்பெண்” என்று அவள் சொன்னதை நீயும் கேட்டிருப்பாய். அது 1914 செப்டம்பர் 22. “ஊழி வெள்ளத்தில் உன் அம்மா இடுப்புக் குழந்தை” என்பாளே, அது 1924 ஜூலையில், ரக்தாக்ஷி வருஷத்து ஆடியில், காவிரியும் கொள்ளிடமும் ஒருங்கே பெருகி வந்த வெள்ளம். மகாமகக் கணக்கில் மட்டும் ஜாக்கிரதையாக இரு: பன்னிரண்டு பன்னிரண்டாகக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் தவறிப்போவாய்; 1945-க்குப் பிறகு வந்த மகாமகம் 1956-லேயே, பதினோராம் வருஷத்தில் வந்துவிட்டது.

இந்தச் சம்பவங்களை வரிசைப்படுத்திவிட்டால், அவள் ஆயுள் இரண்டு பாகமாகப் பிரிந்து நிற்பதைக் காண்பாய். அவளே அப்படித்தான் பிரித்துப் பேசுவாள், அணைக்கு முந்தி என்றும் அணைக்குப் பிந்தி என்றும். மேட்டூர் அணை 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய நாட்களில் குடகில் பெய்த மழையை நம்பியே நாற்றங்காலில் விதை விழும். ஆற்றில் புதுத் தண்ணீர் எந்த இரவில் வரும் என்று எவருக்கும் தெரியாது. வந்த மறுநாள் நடவாட்களுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டியவள் அவள். நமது பாசனச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் மதகையும் வாய்க்காலையும் எழுதுவார்கள். அதே சரித்திரம் ஒரு வீட்டின் அடுப்பங்கரையில் எப்படி நடந்தது என்பதை எழுத உன்னைத் தவிர ஆள் கிடையாது.

அவளுடைய புத்திக் கூர்மைக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்று கேட்டிருந்தாய். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. பதினாறு அணாவும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்படியுமாக இருந்த ரூபாய் நூறு பைசா ஆயிற்று. ஓர் அணாவுக்குச் சரியான மதிப்பு ஆறேகால் பைசா; ஆனால் காலுக்கு நாணயம் ஏது? சர்க்கார் அட்டவணைப்படி ஓர் அணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து. எழுத்து வாசனையே அறியாத உன் அம்மாச்சி, பழைய அணாக்களைத் தனித்தனியாக மாற்றினால் நாலுக்கு ஒரு பைசா நஷ்டம் என்பதை இரண்டொரு நாளிலேயே கண்டுபிடித்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததையெல்லாம் நாலு நாலாகச் சேர்த்தே கடைக்குக் கொடுத்தனுப்பினாள். மளிகைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. பொறுமையில் பூமாதேவி என்று எழுதுகிற இடத்தில் இதை எழுது.

குறைகளையும் விடாதே. புளி விஷயத்தில் அவள் மகா கருமி. ஒரு காசுமாலைக்காகத் தன் ஓரகத்தியுடன் பல வருஷம் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தாள், 1952 நவம்பர் கடைசியில் அடித்த புயலில் அந்த வீட்டுக் கூரை பறந்தபோது, வாய் திறவாமலே போய் அவர்களையெல்லாம் அழைத்துக்கொண்டு வந்து சோறு போட்டாள், அதற்கப்புறமும் பேசவில்லை. முதலாவதை மறைத்தால் இரண்டாவதற்கு அர்த்தம் ஏது?

இனி, கேட்கக் கூசுகிற ஒன்று. உன் குறிப்பில் “ஐந்து மக்களை ஈன்றெடுத்த தாய்” என்று எழுதியிருக்கிறாய். வளர்ந்தவர்கள் ஐந்து பேர். ஈன்றது அத்தனைதானா? வீட்டிலேயே, மருத்துவச்சி கையால் பிரசவம் நடந்த அந்நாட்களில், தொட்டிலோடு போன குழந்தை இல்லாத குடும்பம் அபூர்வம். எனக்கும் உன் தாய்க்கும் இடையில் ஒரு பெண் இருந்து, மாரியம்மை கண்டு போயிற்று என்று மட்டும் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதன் பெயரை அம்மா ஒருநாளும் உச்சரித்தவள் அல்லள். ஆனால் ஆடி மாதத்தில் ஒரு நாள் மட்டும் காரணம் சொல்லாமல் பட்டினி இருப்பாள். புருஷர்களாகிய நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்பது எங்கள் காலத்து வழக்கமும் அன்று. கொல்லைத் தெருவில் மருத்துவச்சியின் மகள் இன்னும் இருக்கிறாள். பத்து வயதில் தாயோடு நம் வீட்டுக்கு வந்து வெந்நீர் எடுத்துக் கொடுத்தவள். அவளைப் போய்ப் பார். நோட்டுப் புஸ்தகத்தை உடனே விரிக்காதே, வெற்றிலை வாங்கிக்கொண்டு போ, அவளாகப் பேசட்டும்.

இன்னொன்று. நீ எழுதிய நாலு பக்கத்தில் அம்மாச்சியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. நிலப் பத்திரத்திலும் இன்னாருடைய பாரியாள் என்றுதான் இருக்கிறது; மொய் நோட்டிலோ எல்லாம் தாத்தா பெயரில். 1952 தேர்தலுக்கு முன் வடக்கே சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதச் சொன்ன ஸ்திரீகள் சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். உன் அம்மாச்சி தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லி வோட்டுப் போட்டு வந்தவள். பெற்றவள் பெயரை எழுத எனக்குக் கை கூசுகிறது. உனக்குக் கூச வேண்டியதில்லை, முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடச் சொல்.

அச்சாபீஸ்காரருக்கு இப்போது பணம் கொடுத்துவிடாதே. மலர் தாமதமானால் ஆகட்டும். பரண்மேல் இருக்கும் மொய் நோட்டைச் செல் அரிப்பதற்குள் இறக்கி வெயிலில் காயவை. தபாலில் அனுப்பாமல், தைக்கு வரும்போது நீயே கையோடு எடுத்து வா.

இப்படிக்கு,
உன் மாமன்