எடை குறைப்புத் திட்டத்தில் சேரப் போறீங்களா? சர்க்கரை நோயாளிகள் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

"30 நாளில் 10 கிலோ குறையும். அப்புறம் சர்க்கரை மாத்திரையே வேண்டாம்!" இப்படி ஒரு செய்தி உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். ஆரணி போன்ற நெசவு ஊரில் இதை நம்பத் தோன்றுவது இயல்புதான். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பல மணி நேரம் ஆகும். கையும் காலும் அசையும், ஆனால் உடம்பு இடத்தை விட்டு நகராது. மதியம் தட்டு நிறைய பொன்னி அரிசிச் சோறு. இடுப்பில் சதை போடும்போது சர்க்கரையும் கூடவே ஏறுகிறது.

எடையைக் குறைக்க நினைப்பது நல்ல முடிவு. இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23-ஐத் தாண்டினாலே அதிக எடை. 25-ஐத் தொட்டால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 72 கிலோ உள்ளவர் 5 கிலோ குறைத்தாலே சர்க்கரைக் கட்டுப்பாட்டில் நல்ல மாற்றம் தெரியும். ஆனால் பணம் கட்டிச் சேரும் திட்டம் உங்களுக்கு ஏற்றதுதானா? சேரும் முன் இந்த 6 கேள்விகளைக் கேளுங்க.

1. நான் சாப்பிடும் மருந்துகளைக் கேட்டார்களா?

இதுதான் முதல் கேள்வி. இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால், மருந்து அதே அளவில் வேலை செய்து சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் சோறு, இட்லியை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும் அபாயமும் உண்டு. மாத்திரைச் சீட்டைக் கேட்காமலே பணம் வாங்குபவரிடம் சேராதீங்க.

2. மருந்தின் அளவை மாற்றுவது யார்?

"மாத்திரையை நிறுத்திடுங்க" என்று சொல்லும் உரிமை டாக்டருக்கு மட்டுமே. பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. சூப், பானம் மட்டும் கொடுத்து எடை குறைக்கும் ஒரு திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. விளம்பரங்கள் இவ்வளவுதான் சொல்லும். அந்த ஆய்வில் நோய் வந்து 6 ஆண்டுக்குள் இருந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். இன்சுலின் போடுபவர்களைச் சேர்க்கவில்லை. மருத்துவக் கண்காணிப்பில்தான் மருந்தை நிறுத்தினார்கள். இரண்டாம் ஆண்டில் அந்த 46 சதவீதம் 36 ஆகக் குறைந்தது.

3. எவ்வளவு வேகத்தில் குறையும்?

டாக்டர் கண்காணிப்பு இல்லாத திட்டத்தில் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதுதான் பாதுகாப்பு. அதாவது மாதம் 2 முதல் 4 கிலோ. 10 கிலோ என்று உறுதி கொடுத்தால் உஷாராகிடுங்க.

4. டப்பாவில் என்ன இருக்கிறது?

பவுடர் டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கணும். மாவுச்சத்து, சர்க்கரை, புரதம் எவ்வளவு என்று படிங்க. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரதப் பவுடரை டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

5. மொத்தம் எவ்வளவு செலவு?

சேர்க்கைக் கட்டணம் மட்டும் கேட்டால் போதாது. மாதாமாதம் பவுடருக்கு எவ்வளவு? நடுவில் நின்றால் பணம் திரும்ப வருமா? எழுத்தில் வாங்குங்க. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீங்க.

6. திட்டம் முடிந்த பிறகு?

நம்ம வீட்டுச் சோறு, களி, கீரை, சுண்டலை எந்த அளவில் சாப்பிடுவது என்று சொல்லித் தராத திட்டத்தில், பவுடரை நிறுத்தியதும் எடை திரும்பி வந்துவிடும்.

தறியில் இருக்கும்போது தலை சுற்றினால்?

கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, கண் மங்குதல் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள். இழை அறுந்ததுகூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். "இந்தப் பாவு முடியட்டும்" என்று இருக்காதீங்க. உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிங்க. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்க. 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை குடிங்க. சரியானதும் ஏதாவது சாப்பிடுங்க. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். தறிப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை வைத்துக்கொள்வது நல்லது.

பணம் கட்டும் முன் அரசு சேவையைப் பாருங்க

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையும் தருகிறார்கள். உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆரணி அரசு மருத்துவமனையிலோ டாக்டரைப் பார்த்து, திட்டத்தின் துண்டறிக்கையையும் மாத்திரைச் சீட்டையும் காட்டி, "இது எனக்கு ஒத்துவருமா?" என்று கேளுங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐயும் அழைக்கலாம்.

சர்க்கரை நோயையோ உடல் பருமனையோ குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் பில், விளம்பரப் படம், பணம் அனுப்பிய விவரம் மூன்றையும் பத்திரமாக வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்க. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்.

பாவு போடும் முன் இழையை எண்ணிப் பார்க்கிறவர்கள் நீங்கள். எடை குறைப்புத் திட்டத்துக்குப் பணம் கட்டும் முன்பும் அதே கவனம் இருக்கட்டும்.