கிறித்தவ நெறியில் ஆன்ம சமர்ப்பணம்

இறைவன் திருவுள்ளத்துக்குத் தன் உள்ளத்தை ஒப்புவித்துத் தாழ்ந்து நிற்றல் கிறித்தவர்க்குரிய சாதனங்களுள் ஒன்றெனக் கூறுவர். ஏனைய சாதனங்களெல்லாம் இதன்கண் அடங்கும் என்றலே பொருத்தமுடைத்து. ஆயினும் இதன் எல்லை யாதென்பது பற்றி அச்சமயத்தார்க்குள்ளேயே பெருவழக்கொன்று நிகழ்ந்தது. அதனை ஆராயாது, எல்லாச் சமயத்தும் சரணாகதி ஒன்றே எனக் கூறி அமைதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று.

முதற்கண் அடிப்படை வேறுபாடொன்று கருதற்பாலது. நம் சித்தாந்தத்தில் உயிர் அநாதி, ஆணவமும் அநாதி. கிறித்தவர் கொள்கையில் உயிர் இறைவனாற் படைக்கப்பட்டது. பாவமும் ஆதி மனிதன் செயலால் இடையே வந்தது. ஆகவே அவர் கூறும் தாழ்மைக்கு, தன் குற்றத்தை எண்ணி நாணுதல் மட்டும் காரணமன்று. தான் உளதாயிருப்பதே பிறன் கொடை என்னும் உணர்ச்சியே அதன் வேர். இவ்விரண்டனுள் முன்னையதனையே எடுத்துப் பேசும் பிரசங்கியார் பலர், பின்னையது ஆழமுடைத்து.

இனி, இதற்கு முன்மாதிரி இயேசுவே என்பர். அவர் இறைவடிவினராயிருந்தும் தம்மை வெறுமையாக்கி அடிமை வடிவெடுத்துச் சிலுவைச் சாவு மட்டும் கீழ்ப்படிந்தனர் என்பது பவுல் பிலிப்பியர்க்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்துட் கண்ட கருத்து. இவ்வெறுமையாக்கலைக் கிரேக்கச் சொல்லாற் கெனோசிஸ் என வழங்குவர். கெத்சமனேத் தோட்டத்து நிகழ்ச்சி இதனினும் நுணுகி நோக்கத்தக்கது. ஆண்டு அவர் துன்பம் தம்மை விட்டு நீங்கவேண்டும் என்று முதலில் விண்ணப்பித்தார். பின்னரே தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்துக்குக் கீழ்ப்படுத்தினார். ஒருமுறையன்று, மும்முறை அங்ஙனம் வேண்டினார் என்று மத்தேயு கூறுவர். எனவே, விருப்பமே இல்லாதொழிதல் சமர்ப்பணமன்று. உள்ள விருப்பத்தை மறையாது சொல்லி, பின் அதனைக் கையளித்தலே சமர்ப்பணம் என்பது பெறப்படும். இது நினைவிலிருப்பின் மேல்வரும் வழக்கு எளிதில் விளங்கும்.

துறவு மடங்களில் இத் தாழ்மை ஒழுக்க முறையாக வகுக்கப்பட்டது. ஆறாம் நூற்றாண்டினராகிய நூர்சியா நகரத்துப் பெனடிக்ட் முனிவர் தம் மடத்து விதி நூலின் ஏழாம் அதிகாரத்தில் தாழ்மையைப் பன்னிரண்டு படிகளாகக் கூறியுள்ளார். தாழ்தலால் ஏறுவதும் உயர்த்திக்கொள்ளுதலால் இறங்குவதுமாகிய ஏணி அது.

பதினேழாம் நூற்றாண்டில் இக்கொள்கை தன் எல்லையை முட்டியது. அதற்குச் சிறிது முன் பிரான்சிஸ் சலேசியார் (1567-1622) பாரிசில் மாணாக்கராயிருந்தபொழுது, தாம் நரகத்துக்கே விதிக்கப்பட்டவரோ என்னும் ஐயத்தாற் பெரிதும் வருந்தினார். மறுமையில் யாதாயினும் ஆகுக, இம்மையில் இறைவனை நேசிப்பேன் எனத் துணிந்தபின்னரே அவர்க்கு அமைதி வந்தது. பிற்றைநாளில், 1616ல், இறையன்பு பற்றித் தாம் வெளியிட்ட நூலில் இன்பதுன்பங்களிற் பற்றற்று இறைவன் விருப்பத்தையே விரும்பும் நிலையினை அவர் விரித்துரைத்தார்.

இக்கருத்தினை அளவிறந்து கொண்டுசென்றவர் உரோமையில் வாழ்ந்த மொலீனோஸ் என்னும் ஸ்பானியக் குருவாவர். அவர் 1675ல் ஆன்ம வழிகாட்டி என்னும் நூலை வெளியிட்டார். ஆன்மா யாதும் செய்யாதிருத்தலே நன்று, யாதும் வேண்டலாகாது, தீய நினைவு வரினும் முயன்று எதிர்க்க வேண்டுவதில்லை என்பன அவர்மேல் ஏற்றப்பட்ட கொள்கைகள். 1687ல் பதினோராம் இன்னசெண்ட் போப்பாண்டவர் அவருடைய 68 கூற்றுக்களைக் கண்டித்தனர். மொலீனோஸ் 1696ல் சிறையிலேயே இறந்தார்.

அற்றேல், தன் செயலற்று நிற்றல் சமர்ப்பணமாகாதோ எனின், ஆகாது. கையளித்தலும் ஒரு செயலே. உள்ளம் கணந்தோறும் இசைந்தாலன்றி அது நிகழாது. இசையும் உள்ளமே இல்லையாயின் கொடுப்பவனும் இல்லை, கொடையும் இல்லை. கல் கிடப்பதைத் தாழ்மை என்பாரில்லை.

பிரெஞ்சு நாட்டில் எழுந்த வழக்கு இதனினும் நுட்பமானது. பதினான்காம் லூயி மன்னன் பேரனுக்கு ஆசிரியராயிருந்து காம்பிரே நகரத்துப் பேராயரான பெனலோன், 1697ல் ஞானிகளின் துணிபுகளை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். பயன் கருதாத தூய அன்பே அன்பு. அந்நிலையில் நிற்பவன் தன் வீடுபேற்றையும் தன் நலமாக விரும்பாது, இறைவன் விரும்புவதாதலின் விரும்புவன். கொடிய சோதனையில் அதனையும் இறைவற்கு ஒப்புவிப்பன் என்பது அவர் கோட்பாடு. மோ நகரத்து ஆயர் பொசுவே இதனை வன்மையாக மறுத்தார். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்னும் மூன்றும் கிறித்தவர்க்கு இன்றியமையாதன. இறைவனைத் தன் பேறாக நாடுதலே நம்பிக்கை. அதனைத் துறப்பவன் தாழ்மையின் பெயரால் இறைவன் வாக்குறுதியையே தள்ளியவனாவன் என்பது அவர் தடை. இத்தடை வலியுடைத்து. பொசுவேயின் சினமும், அரசவைச் சூழ்ச்சியும் அதனுடன் கலந்தமை அதன் வலியைக் குறைப்பதன்று.

மன்னன் பெனலோனை அவர்தம் மறைமாவட்டத்துக்கே அனுப்பி விலக்கினான். 1699 மார்ச்சு 12ல் பன்னிரண்டாம் இன்னசெண்ட் போப்பாண்டவர் அந்நூலின் 23 கூற்றுக்களைக் கண்டித்தனர். ஆயினும் அவற்றைச் சமயவிரோதம் என்று பெயரிட்டாரில்லை. செய்தி காம்பிரேக்கு எட்டிய அம்மாதத்திலேயே பெனலோன் தலைவர்க்குக் கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பின் தம் மக்கட்கு அறிக்கை விடுத்துத் தம் நூலைத் தாமே விலக்கினார்.

தன் வீடுபேற்றையும் ஒப்புவிக்கலாம் என எழுதியவர்க்கு, ஒப்புவிக்கும்படி வந்தது தம் கருத்தும் புகழுமே. வீடுபேற்றை ஒப்புவித்தல் பற்றி எழுதுதல் எளிது. தாம் எழுதியதை ஒப்புவித்தல் அரிது. அப்பணிவு நாவளவினதே என அக்காலத்தே சிலர் ஐயுற்றனர். தாம் கருதிய பொருள் பிழையன்று என்று அவர் உள்ளத்தில் எண்ணியிருத்தலும் கூடும். அங்ஙனம் எண்ணினும் அது பணிவுக்குக் குறையாகாது என்பது என் கருத்து. கெத்சமனேயில் விண்ணப்பம் மறைக்கப்படவில்லை என மேலே கண்டோம். தன் கருத்து அழிந்தபின் பணிபவனினும், அஃது உளதாகவே பணிபவனே மிகுதியாகக் கொடுத்தவனாவன்.

பெனலோன் அதன்பின் அரசவைக்குத் திரும்ப அழைக்கப்படவில்லை. ஸ்பானிய அரசுரிமைப் போர் காம்பிரேயைச் சூழ்ந்த ஆண்டுகளிற் புண்பட்ட வீரர்க்கும், ஊரிழந்து வந்த குடியானவர்க்கும் தம் மாளிகையைத் திறந்துவிட்டார். 1715 சனவரியில் அந்நகரிலேயே உயிர் துறந்தார்.