கச்சேரி நடந்த கோட்டைக்கு ஒரு காலை

கொழும்புக்கு ஓடாமலே அரச கட்டடம் பார்க்க மட்டக்களப்பில் புளியந்தீவுக் கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியும் இதற்குள்தான் இயங்கியது. காணி, பென்சன் அலுவலாக வந்துபோன பலர் மதிலை நிமிர்ந்தும் பார்த்திருக்கமாட்டார்கள்!

வாசலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையைத் தேடுங்கள். பிள்ளைகளுக்குப் பீரங்கி போதும். இரு பக்கம் வாவி, மறு இரு பக்கம் அகழி. அவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

வெயில் ஏறமுன் போங்கள். தொப்பி, தண்ணீர், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காவலரிடம் கேட்டுவிட்டே படமெடுங்கள். பின்னேரத்துக்குக் காந்திப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. காற்று வேண்டுமென்றால் கல்லடிப் பாலம்.