எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் எடை மீண்டும் ஏறினால்



கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்திலிருந்து சென்னை, கோவை, புதுச்சேரி என்று போய் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வருபவர்கள் நம் குடும்பங்களிலும் இப்போது இருக்கிறார்கள். முதல் வருடம் வீடே மகிழ்ச்சியாக இருக்கும். சர்க்கரை மாத்திரை குறையும், முழங்கால் வலி விடும், தரையில் உட்கார்ந்து தொழ முடியும். இரண்டாவது, மூன்றாவது வருடத்தில்தான் சிக்கல். சிறிதாக்கித் தைத்த சுடிதார் மறுபடி இறுக்குகிறது. "நகையை அடகு வைத்துச் செய்த ஆபரேஷன் வீணாப் போச்சே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு அந்தச் சகோதரி எடை பார்க்கும் மெஷின் பக்கமே போவதில்லை. டாக்டரிடமும் போவதில்லை, திட்டுவாரே என்று.

இந்தப் பாடம் அவர்களுக்கும், அவர்களோடு ஒரே விரிப்பில் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டாருக்கும்.

எடை திரும்புவது புதிய விஷயம் அல்ல

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கி, இந்த அறுவை செய்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதம் குறைந்தார்கள். பத்தாண்டு முடிவில் அந்தக் குறைவு 25 சதவீதமாக இருந்தது. 120 கிலோ இருந்த ஒருவருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முதலில் சுமார் 82 கிலோவுக்கு இறங்குகிறார், பத்தாண்டில் 90 கிலோவில் நிற்கிறார். எட்டு கிலோ திரும்பி வந்திருக்கிறது, முப்பது கிலோ திரும்பவில்லை. அறுவை செய்துகொள்ளாமல் அதே காலத்தில் கவனிக்கப்பட்டவர்களின் எடையில் பெரிய மாற்றமே இல்லை.

ஆகவே சில கிலோ ஏறுவது இந்தச் சிகிச்சையின் இயல்பான போக்கு. அதை ஒழுக்கக் குறைவு என்று பேசுவது தவறு, பேசுவதால் நன்மையும் இல்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று நிற்காமல் ஏறினால் அதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

சிறிய வயிறு எதைத் தடுக்காது?

இங்கே 'பைபாஸ்' என்பது இதய பைபாஸ் அல்ல. இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பார்கள். 'ஸ்லீவ்' என்பது வேறு வகை. அதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு வாழைக்காய் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் முதல் சில மாதங்கள் பசியே தெரியாது. பிறகு பசி மெல்லத் திரும்பும். அது வியாதி அல்ல.

சிறிய வயிறு கெட்டியான உணவைத்தான் தடுக்கிறது. இரண்டு முட்டையும் கொஞ்சம் சுண்டலும் சாப்பிட்டால் போதும் போதும் என்று சொல்லிவிடும். அதே வயிறு டீயில் தோய்த்த ரஸ்க்கையும், பிஸ்கட்டையும், சேமியா பாயசத்தையும், ரோஸ்மில்க்கையும், வாயில் கரையும் மிக்சரையும் தடுப்பதில்லை. அவை வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். அரை மணி நேரத்தில் அடுத்த பிடிக்கு இடம் தயார்.

பலர் இந்தப் பாதைக்கு வந்து சேரும் விதம் கவனிக்கத்தக்கது. பெரும்பாலும் பேராசை காரணமல்ல, பயமே காரணம். என்றோ ஒருநாள் அவசரமாகச் சாப்பிட்ட கறித்துண்டு நெஞ்சில் அடைத்து, வாந்தி எடுத்து, வேதனைப்பட்டிருப்பார்கள். அன்றிலிருந்து கறி வேண்டாம், கோழி வேண்டாம். சங்கடம் செய்யாத உணவு எது என்று தேடினால் டீயும் ரஸ்க்கும் கிடைக்கிறது. "நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லையே, எப்படி எடை ஏறுது?" என்று அவர்கள் கேட்பது பொய் அல்ல. தட்டு போட்டுச் சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளைக்கு நாலு டீயில் எட்டு ஸ்பூன், ஏறக்குறைய 40 கிராம். ஒரு நாளில் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சாதாரண அளவில் சாப்பிடும் பெரியவர்களுக்கே. இங்கே ரஸ்க்கை நாம் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

ஐந்து நாள் வெறும் திரவம் குடித்தால் வயிற்றுப் பை பழையபடி சுருங்கிவிடும் என்று ஒரு பேச்சு செல்போனில் சுற்றி வருகிறது. அப்படிச் சுருங்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஐந்து நாளில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர் எடை, ஆறாம் நாள் திரும்பிவிடும். பட்டினியும் வேண்டாம். கெட்டி உணவுக்குத் திரும்புவதுதான் வழி.

மூன்று நாள், சாப்பிட்டதையும் குடித்ததையும் ஒன்று விடாமல் நோட்டில் எழுதுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். பேரப்பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரை தோசையும் எழுத வேண்டும். எங்கே வழுக்குகிறது என்று அதுவே காட்டிவிடும்.

பிறகு தட்டில் வரிசையை மாற்றுங்கள். முதலில் புரதம், அடுத்து காய், வயிற்றில் இடம் இருந்தால் கடைசியில் சோறோ ரொட்டியோ. பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவில் நிற்க வேண்டும். காலையில் இரண்டு முட்டை, அதில் 12 கிராம். பதினொரு மணிக்குச் சர்க்கரை போடாத ஒரு டம்ளர் பால், 6 கிராம். மதியம் உள்ளங்கை அளவு மீனோ கோழியோ, சுமார் 20 கிராம். மாலையில் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 6 கிராம். இரவில் கொத்துக்கறியோ பனீரோ கெட்டிப் பருப்போடு, 15 கிராம். கிட்டத்தட்ட 60 வந்துவிட்டது. விலை உயர்ந்த பவுடர் டப்பா இல்லாமலே இது நடக்கும்.

கறி அடைத்த பயம் உள்ளவர்கள் முட்டையிலிருந்தும் மீனிலிருந்தும் தொடங்கலாம். சந்தைக்கு வரும் கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் மெத்தென்று இருக்கும். குழம்பு மீன் போதும், வறுவல் வேண்டாம். அது பழகிய பிறகு கொத்துக்கறி, அதன்பின் நன்றாக வேகவைத்த கோழி. நேற்றைய கறியைச் சுடவைத்துச் சாப்பிட்டால் நார் நாராகி அடைக்கும். சுண்டுவிரல் நகம் அளவு எடுத்துக் கூழாகும்வரை மெல்ல வேண்டும். ஒரு வேளைக்கு இருபது நிமிடம் ஆகும். இது ஒரு நாளில் வந்துவிடாது, எல்லோரும் எழுந்த பிறகும் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டி வரும். வீட்டில் ஒருவர் கூட உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் அது பெரிய உதவி.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மற்ற நேரத்தில் வாய் வாயாகக் குடித்து நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் சேர வேண்டும். ரசம் ஊற்றிப் பிசைந்த சோறும் இதே கணக்கில்தான் வரும். அது வழுக்கும்.

நம் மண்ணின் உணவு

நம் மாவட்டத்தில் மரவள்ளி நிறைய விளைகிறது. அதிலிருந்து வரும் ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, புரதம் இல்லை என்றே சொல்லலாம். உடம்பு சரியில்லாதவருக்கு லேசான உணவு என்று ஜவ்வரிசிக் கஞ்சி வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். அறுவை செய்தவருக்குத் தினமும் அது வேண்டாம்.

கல்வராயன் மலையிலிருந்து வரும் சாமையும் தினையும் தீட்டிய அரிசியைவிட மேல், நார்ச்சத்து இருக்கிறது. ஆனால் சிறுதானியம் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. சாமையும் தானியம்தான். கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் அதுவும் வழுக்கும். உதிரியாக வடித்து, முட்டைக்கும் காய்க்கும் பிறகு மூன்று, நான்கு ஸ்பூன் என்றால் நல்லது. தேன், வெல்லம், நாட்டுச்சர்க்கரை எல்லாமே சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு சாப்பிட்ட சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். உணவு குடலுக்குள் வேகமாக இறங்குவதால் வருவது அது.

நோன்பும் விருந்தும்

அறுவை ஆன முதல் ஆறு மாதம், ஏன் ஓராண்டு வரைகூட நோன்பைத் தவிர்க்கச் சொல்லும் மருத்துவர்கள் பலர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்க முடியும் என்பதால் உடலில் நீர் வற்றிவிடும் ஆபத்து உண்டு. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. எப்போது நோற்கலாம், விட்டதை எப்படி நிறைவேற்றுவது என்பதை மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் நோன்பு வைக்கவே கூடாது.

நோன்பு வைக்க அனுமதி கிடைத்தவர்கள் ஒரு பேரீச்சம்பழம், சில மிடறு தண்ணீரோடு திறக்கலாம். மஃரிப் தொழுதுவிட்டு வந்து முட்டையோ கோழியோ முதலில். பள்ளிவாசல் கஞ்சி நம் எல்லோருக்கும் பிரியமானது, அதன் மணத்தை யாரால் மறுக்க முடியும்? ஆனால் அதில் அரிசியே அதிகம், வழுக்கவும் செய்யும். அரைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சமோசா, வடை, சர்பத் மூன்றும்தான் ரமலானில் எடையை ஏற்றுபவை. ஸஹரில் முட்டை, தயிர், பருப்பு. இரவு முழுவதும் தண்ணீர் பாட்டில் கையருகே இருக்கட்டும்.

வலீமா விருந்தில் பிரியாணி வரும்போது முதலில் கறித்துண்டை எடுத்து மென்று சாப்பிடுங்கள், பிறகு தயிர்ப்பச்சடி, கடைசியில் சோறு ஒரு கைப்பிடி. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழி நாம் அறிந்ததே. அதனால் பரிமாறுபவர்கள், "ஒரு கரண்டிதானே, ஒண்ணும் ஆகாதும்மா" என்று மேலே மேலே வைக்காதீர்கள். அன்பால்தான் வைக்கிறீர்கள். அந்த ஒரு கரண்டி அவருக்கு அரை வயிறு.

மாத்திரையும் பரிசோதனையும்

உணவைச் சரிசெய்தும் எடை ஏறினால் தைராய்டு, ஸ்டீராய்டு போன்ற மருந்துகள், தூக்கக் குறைவு, மனச்சோர்வு, அறுவை செய்த இடத்தில் ஏற்பட்ட மாற்றம் என்று வேறு காரணம் இருக்கலாம். எடை குறைக்கும் ஊசிகளும் இப்போது இந்தியாவில் கிடைக்கின்றன. அவற்றை அறுவை செய்த மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் யாரும் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். கூச்சப்படாமல் அதே மருத்துவரிடம் போங்கள். எடை கூடி வருபவர்களைத் தினமும் பார்ப்பவர் அவர்.

எடை ஏறாதவர்களும் சத்து மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுதும் தேவைப்படும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள். வருடம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை வேண்டும். வெள்ளிமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இறங்கி வந்து போக ஒரு நாள் ஆகிவிடும், தெரியும். ஆனாலும் கை கால் மரத்துப்போன பிறகு வருவதைவிட அது எளிது. குழந்தை பெற நினைக்கும் சகோதரிகள் அறுவைக்குப் பிறகு பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் பொறுத்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டு அடுத்த அடி வையுங்கள். பைபாஸ் செய்தவர்கள் மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. பல வலி மாத்திரைகள் அந்தச் சின்னப் பையில் புண்ணை உண்டாக்கும்.

வாந்தி நாள்கணக்கில் நிற்கவில்லை என்றால் பொறுத்திருக்காதீர்கள். அப்போது வைட்டமின் பி1 குறைந்து நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், நினைவு குழம்பும். தாமதித்தால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரும். சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ உடனே போய், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே, "எனக்கு இரைப்பை அறுவை ஆகியிருக்கிறது, பி1 ஊசி தேவைப்படுமா?" என்று கேளுங்கள். அறுவை செய்த மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும், வீட்டில் இன்னொருவர் போனிலும் இன்றே வைத்துவிடுங்கள்.