கட்டமுது

நெடுவழி செல்வோர் உணவு கட்டிக்கொண்டு புறப்படுதல் தமிழர்தம் பழவழக்கமாகும். அவ்வுணவைக் கட்டமுது என்றும் கட்டுச்சோறு என்றும் வழங்குவர். வழியிற் கிடைப்பதையே நம்பிச் செல்வோன் இடர்ப்படுவான். கையிற் கொண்டு செல்வோன் கவலையின்றி நடப்பான். இவ்வழக்கம் மனிதனுக்கு மட்டுமே உரியதன்று. வானில் நெடுந்தூரம் பறந்து செல்லும் சிறு பறவைக்கும் உண்டு.

சென்னைக்கு வடக்கே, கொசத்தலையாற்றை அடுத்து அமைந்துள்ளது மணலி புதுநகர். தொழிற்சாலைகள் சூழ்ந்த இவ்வூரிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகச் சென்றால் பழவேற்காட்டு ஏரியை அடையலாம். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இவ்வேரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரியாகும். ஆந்திரத்திலும் தமிழகத்திலும் பரந்துள்ள இதன் தமிழகப் பகுதி, 1980ஆம் ஆண்டில் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. மார்கழி, தை மாதங்களில் மாணவர் தம் ஆசிரியரோடு உரிய அனுமதி பெற்று, கரையோர ஊர் ஒன்றிற் பாசறை அமைத்துத் தங்கி, விடியற்காலையில் அப்பறவைகளைக் கண்டு வருதல் சிறந்த கல்வியாகும்.

பாசறைக்கு ஏற்ற பண்டம் பொருள்விளங்கா உருண்டை. அரிசியையும் பயற்றம்பருப்பையும் தனித்தனியே பொன்னிறமாக வறுத்து, மாவாக அரைத்து, சுக்கும் ஏலமும் பொடித்துச் சேர்ப்பர். வெல்லத்தை நீரிற் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுவர். பாகின் துளியைத் தண்ணீரில் இட்டு உருட்டி, அதனைத் தட்டில் எறிந்தால் 'டங்' என்று ஒலிக்கவேண்டும். அதுவே தக்க பதம். அப்பாகை மாவிற் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் விரைந்து உருட்டவேண்டும்; ஆறினால் மாவு உதிர்ந்துவிடும். ஆதலின் ஒருவரால் மட்டும் இது முடிவதன்று. பாட்டியார் பதம் பார்க்க, அன்னையார் மாவைக் கிளற, சிறுவர் கையில் மாவு தொட்டுக்கொண்டு உருட்டுவர்.

இவ்வுருண்டை பல நாள் கெடாதிருப்பதற்குக் காரணம் உண்டு. வறுத்தலால் தானியத்தின் ஈரம் நீங்குகிறது. எஞ்சிய சிறிதளவு நீரையும் கெட்டியான வெல்லப்பாகு தன்னிடம் பற்றிக்கொள்கிறது. நீர் கிட்டாமையால் நுண்கிருமிகள் அதிற் பெருகமாட்டா. மூடியுள்ள தகரப் பெட்டியில் இட்டு, ஈரக்கை படாது காத்தால் போதும். பாசறையில் அடுப்பு மூட்டாமலே பசியாற இஃது உதவும்.

இனி, பறவையின் கட்டமுதைக் காண்போம். பழவேற்காட்டுச் சேற்றில் ஓடியோடி இரை தேடும் உள்ளான்களுள் கொசு உள்ளான் என்பது மிகச் சிறியது. சிட்டுக்குருவியினும் பெரிதாகத் தோன்றாத இப்பறவை, வடதுருவத்தை அடுத்த குளிர்நிலங்களிற் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கப் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து நம் நாட்டுக்கு வருகிறது. வேனிலின் தொடக்கத்தில் மீண்டும் அவ்வளவு தூரம் பறக்கிறது. அதனிடம் பெட்டியும் இல்லை; மூட்டையும் இல்லை. தன் உடலிற் சேர்த்துவைக்கும் கொழுப்பே அதன் கட்டமுது. ஒரு கிராம் வெல்லம் ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றலைத் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 தரும். சுமை குறைவு, பயன் மிகுதி! நெடும்பயணம் தொடங்குமுன் உள்ளான் இனங்கள் சிலவற்றின் எடை ஏறத்தாழ இருமடங்காகிறது.

இக்கொழுப்பு எளிதிற் சேர்வதன்று. நீர் வடிந்து சேறு வெளிப்படும் பொழுதில், புழுவையும் சிறு பூச்சியையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கியே சேர்க்கவேண்டும். பூநாரையும் அவ்வாறே தலைகீழாகக் கவிழ்த்த அலகினால் சேற்றுநீரை வடிகட்டி உண்கிறது. கூட்டமாய்ப் பறவைகள் எழும் அழகைக் காண விரும்பி ஒருவன் கூவிக்கொண்டு ஓடினால் நேர்வது யாது? பறவை இரை தேடும் பொழுதையும் இழக்கிறது. சேர்த்த கொழுப்பையும் செலவிடுகிறது. ஒருவனது கணநேரக் களிப்பு, பறவையின் பயண உணவைப் பறிக்கிறது. வழியில் அது தளர்ந்து வீழினும் அவன் அறியான்.

அன்பு மிகுதியால் தன் உருண்டையை விலங்குக்கு ஈதலும் தகாது. மலைப்பாதைகளில் தின்பண்டத்துக்குப் பழகிய குரங்குகள் ஊர்திகளை நாடி வந்து, சக்கரத்திற் சிக்கி மடிகின்றன. சிந்திய உணவைத் தேடி வரும் காகமும் நாயும் தரையிற் கூடுகட்டும் பறவைகளின் முட்டைகளைக் கவர்கின்றன. உணவு மணக்கும் நெகிழிப் பைகளை விழுங்கிய மான்கள் சென்னையிலேயே இறந்துள்ளன. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திற் பரவியபொழுது, கூழைக்கடாக்கள் சிறகு நனைந்து தவித்ததை வடசென்னை மக்கள் கண்டனர். மனிதன் விட்டுச்செல்லும் கழிவு, பெரிதாயினும் சிறிதாயினும், பேசவியலா உயிர்களையே முதலில் வருத்துகிறது.

ஆகவே, பாசறை செல்வோர் தம் கட்டமுதைத் தமக்குள் பகிர்ந்துண்டு, சிந்தியதைப் பொறுக்கி, வெற்றுப் பெட்டியை வீட்டுக்கே கொண்டுவருதல் கடன். தொலைவில் நின்று, ஓசையின்றி நோக்குதல் அதனினும் பெரிய கடன். தன் கட்டமுதைப் போற்றுவோன் பிறிதோர் உயிரின் கட்டமுதையும் போற்றவேண்டும். அதுவே வழிப்போக்கர்க்குரிய அறம்.