சிப் மீண்டும் மீண்டும் கெடுவது ஏன்?

கிணற்று மோட்டாரின் ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று அதில் கனத்த கம்பியைக் கட்டி வைக்கும் விவசாயி, ஒரு நாள் மோட்டாரையே இழக்க நேரிடும். ஃப்யூஸ் போவது நோயன்று, நோயின் அறிகுறியே. இவ்வுண்மையை நாம் யாவரும் அறிவோம். ஆயினும் நமது நெசவுக் கூடத்தில் தார் சுற்றும் இயந்திரம் நின்றபோது இதை நாமே மறந்துவிட்டோம். அதனால் நாம் கற்ற பாடத்தை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வியந்திரத்தில் நூலை இடமும் வலமுமாக நடத்துவது ஒரு ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண மோட்டார் தொடர்ந்து சுழலும். இதுவோ படிப்படியாகச் சுழலும். பெரும்பாலானவற்றில் ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். மோட்டாரினுள் உள்ள இரண்டு சுருள்களுக்கும் முறைப்படி மின்னோட்டத்தைப் பங்கிட்டு அனுப்புவது, கன்ட்ரோல் போர்டில் உள்ள டிரைவர் சிப்.

இந்தச் சிப் இரண்டு மாதங்களில் மூன்று முறை கெட்டது. முதல் முறை சிப்பை மாற்றினோம். இரண்டாம் முறை, கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்றோம். மூன்றாம் முறை, இயந்திரத்தை இயக்கும் அம்மையாரின் கவனக்குறைவே காரணம் என்று சிலர் பேசத் தொடங்கினர். சிப்பின் விலை சொற்பம். ஆனால் ஊடைக்குத் தார் இன்றித் தறிகள் நின்ற நாட்களின் கூலி சொற்பமன்று. ஆராயாமல் ஒருவர் மேல் சுமத்திய பழியோ, கூலியினும் கனமானது. ஆகவே நான்காவது சிப்பைப் பொருத்துமுன் காரணத்தைக் கண்டே தீருவதென முடிவு செய்தோம். நாம் ஆராய்ந்த முறை பின்வருமாறு:

முதலாவது, வெப்பம். எமது போர்டில் இருந்தது ஏ 4988 என்னும் வகை. சிறு பலகையில் அமைந்து வரும் இச்சிப், வெப்பத்தகடு இன்றிச் சுமார் 1 ஆம்பியர் வரையே தாங்கும். தகடும் காற்றும் இருந்தால் 2 ஆம்பியர் வரை தாங்கும். பஞ்சுத்தூசி தகட்டின்மேல் படிந்தால் வெப்பம் வெளியேறாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளவுமீறிச் சூடானால் இச்சிப் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு, ஆறியபின் மறுபடி இயங்கும். விட்டு விட்டு ஓடினால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். ஒரேயடியாகச் செத்துவிட்டால் வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

இரண்டாவது, மின்னோட்டத்தின் எல்லை. பலகையில் உள்ள சிறு திருகினால் இது அமைக்கப்படுகிறது. அருகிலுள்ள மின்தடையில் ஆர் 100 என்று பொறித்திருந்தால் அது 0.1 ஓம், அப்போது 1 ஆம்பியருக்குத் திருகில் 0.8 வோல்ட் காட்ட வேண்டும். ஆர் 050 என்றிருந்தால் அதே 1 ஆம்பியருக்கு 0.4 வோல்ட் போதும். இதைப் பாராமல் திருகினால் இரு மடங்கு மின்னோட்டம் பாயும்.

மூன்றாவது, மின்னழுத்தத்தின் திடீர் எழுச்சி. இச்சிப் தாங்கும் உச்ச அளவு 35 வோல்ட். நீண்ட கம்பிகள் வழியே மின்சாரத்தைத் திடீரென இணைக்கும்போது, 12 வோல்ட் இணைப்பில்கூட ஒரு கணம் இவ்வெல்லை மீறப்படலாம். சிப்பின் அருகிலேயே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை, கூட்டல் கழித்தல் மாறாமல் இணைத்தால் இது தணியும். எமது போர்டில் அது இருந்தது.

நான்காவது, மோட்டாரின் இணைப்பு. சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென அறுபட்டால், அது நிற்க மறுத்து மின்னழுத்தத்தைப் பன்மடங்கு உயர்த்தும். அந்த அடி சிப்பின்மேல் விழும். மின்சாரம் இருக்கையில் மோட்டாரின் கம்பியைப் பிடுங்கலாகாது என்பது இதனாலேயே. எமது கூடத்தில் எவரும் அவ்வாறு பிடுங்கவில்லை. ஆயினும் கம்பியைச் சோதித்தோம்.

மின்சாரத்தை நிறுத்தி, சற்றுப் பொறுத்து, மோட்டாரின் நான்கு கம்பிகளையும் போர்டிலிருந்து கழற்றி மல்டிமீட்டரால் அளந்தோம். ஒவ்வொரு சுருளும் ஏறக்குறைய 3 ஓம் காட்டியது. ஒரு சுருளுக்கும் மற்றதற்கும் இடையே தொடர்பில்லை. மோட்டாரின் உடலோடும் தொடர்பில்லை. எல்லாம் சரியே. பின்னர், மீட்டரை இணைத்தபடியே கம்பியை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்த்தோம். ஓரிடத்தில் முள் துள்ளியது. இணைப்பு அறுந்து மறுபடி சேர்ந்தது. அம்மோட்டார் நகரும் பலகையின்மேல் அமைந்தது. பலகை சென்று திரும்பும்போதெல்லாம் கம்பி அதே இடத்தில் வளைந்து நிமிர்ந்து, மேலுறை கெடாமலே உள்ளே முறிந்திருந்தது. ஓடும்போதே கம்பியைப் பிடுங்கும் வேலையை இயந்திரம் தானே செய்துகொண்டிருந்தது!

மெல்லிய இழைகள் பல சேர்ந்த வளையும் கம்பியை, பெரிய வளைவாக விட்டுக் கட்டினோம். நான்காவது சிப்பைப் பொருத்தி ஆறு மாதங்கள் கடந்தன. அதுவே இன்றும் இயங்குகிறது. அம்மையாரிடம் நிர்வாகக் குழுவினர் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தனர். கெட்ட ஒவ்வொரு முறையும் பலகை இடது கோடியில் இருந்தது என்று அவர் முன்பே கூறியிருந்தார். அதைக் கேட்டிருந்தால் இரண்டு சிப்புகளும் பல நாள் கூலியும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே, இயந்திரத்தின் அருகில் ஒரு குறிப்பேடு தொங்கட்டும். எது கெட்டது, எந்நாளில், அப்போது இயந்திரம் என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றை இயக்குபவரே அதில் எழுதட்டும். ஒரே பொருள் இரண்டாம் முறை கெட்டால், புதியதை வாங்குமுன் அக்குறிப்பைப் படியுங்கள். பின்னர் மீட்டரை எடுங்கள். பொதுப் பொருளைக் காப்பதும் உடனுழைப்பவரின் நற்பெயரைக் காப்பதும் கூட்டுறவில் ஒன்றே.