பல்வலி: மீளுமா, மீளாதா?

உசிலம்பட்டியில் பஸ் ஏறி மதுரைக்குச் சென்றால், ஒரு குவளை ஜிகர்தண்டா அருந்தாமல் திரும்ப மனம் வருமா? முதல் வாய் குடித்தவுடன் கடைவாய்ப் பல் சுரீரென்று கூசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கூச்சம் ஓரிரு விநாடியில் மறைந்துவிட்டதா? அல்லது பஸ் நிலையம் வந்து சேர்ந்த பிறகும் விண்விண்ணென்று தெறிக்கிறதா? இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. ஏன் எனக் காண்போம்.

பல்லின் வெளிப்புறம் எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். அதற்கு உள்ளே டென்டைன். டென்டைனில் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் உள்ளன. ஒவ்வொன்றின் விட்டமும் ஓரிரண்டு மைக்ரான் அளவே. அவற்றுள் நீர்மம் நிறைந்திருக்கிறது. நடுவிலுள்ள அறையில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அடங்கிய பற்கூழ் இருக்கிறது.

டென்டைன் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அப்படியானால் குளிர்ச்சி ஒரு நொடியில் நரம்பை எட்டுவது எவ்வாறு? உண்மையில் குளிர்ச்சி எட்டுவதற்கு முன்பே வலி எட்டிவிடுகிறது! குளிரால் நுண்குழல்களில் உள்ள நீர்மம் சுருங்கி வெளிநோக்கி நகர்கிறது. அந்த அசைவு உள்முனையிலுள்ள நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது. சுவீடன் நாட்டு அறிஞர் பிரென்ஸ்ட்ரோம் 1960-களில் நிலைநாட்டிய விளக்கம் இது.

இனி நோய்க்கு வருவோம். சொத்தையில் வாழும் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள்கள் நுண்குழல்கள் வழியே இறங்கிப் பற்கூழில் அழற்சியை உண்டாக்குகின்றன. கையில் கட்டி வந்தால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். பல்லின் சுவர் விரியுமா? விரியாது. ஆகவே வீங்கும் இடத்தில் அழுத்தம் உயர்கிறது. இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. பற்கூழ் சிறிது சிறிதாக மடிகிறது.

சுருள்வில்லை மீட்சி எல்லைக்குள் இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். எல்லையைக் கடந்தால் திரும்பாது என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். பற்கூழும் அப்படித்தான். தொடக்க நிலையில் சொத்தையை நீக்கி அடைத்துவிட்டால் அது தேறிவிடும். எல்லை கடந்துவிட்டால் மீளா அழற்சி.

பல்லைத் திறக்காமலே இதை அறிவது எப்படி? பல் மருத்துவர் பஞ்சில் குளிரூட்டும் மருந்தைத் தெளித்துப் பல்லில் வைப்பார். நலமான பல்லில் வலி விநாடிகளில் அடங்கும். எடுத்த பிறகும் அரை நிமிடம், அதற்கு மேலும் வலி நீடித்தால் மீளா அழற்சி என ஐயுறலாம். சூடான காப்பிக்கு வலிப்பது, காரணமின்றித் தானே வலிப்பது, இரவில் எழுப்பிவிடுவது ஆகியவையும் அடையாளங்களே. பக்கத்துப் பற்களையும் சோதித்து ஒப்பிட்டே மருத்துவர் முடிவு செய்வார். எக்ஸ் கதிர்ப் படம் சொத்தையின் ஆழத்தையும் எலும்பின் நிலையையும் காட்டும், அழற்சியைக் காட்டாது.

படுத்தால் வலி கூடுவது ஏன்? ஒரு சிறு கணக்கு. நிற்கும்போது பல் இதயத்திற்கு 30 செ.மீ. மேலே இருப்பதாகக் கொள்வோம். இரத்தத்தின் ஒப்படர்த்தி 1.06, பாதரசத்தின் ஒப்படர்த்தி 13.6. எனவே 30 × 1.06 ÷ 13.6 = 2.3 செ.மீ., அதாவது 23 மி.மீ. பாதரச அழுத்தம். படுத்தவுடன் இந்த உயர வேறுபாடு நீங்கிவிடுகிறது. தலைப்பகுதியில் இரத்த அழுத்தம் கூடுகிறது. உடல் இதை ஓரளவு சரிசெய்துகொள்ளும். ஆயினும் வீங்கிய பற்கூழுக்கு எஞ்சிய சிறு உயர்வே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல நாள் துடித்த வலி ஒரு நாள் தானே நின்றுவிடலாம். "குணமாகிவிட்டது" என்று மகிழாதீர்கள்! பற்கூழ் இறந்ததால் நின்ற வலியாகவும் அது இருக்கலாம். அப்பல் குளிருக்கு எந்த மறுமொழியும் தராது. பின்னர் வேர் நுனியில் சீழ் கட்டும்.

அப்படியானால் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டியதில்லை. வேர்ச் சிகிச்சையில் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, பற்கூழை அகற்றி, வேர்க்குழல்களை மெல்லிய அரங்களால் சீவி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவி, கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் அடைப்பார். இது மலேயக் காட்டு மரம் ஒன்றின் பால். நம் இலுப்பை மரமும் அதே குடும்பம்தான்! கடைவாய்ப் பல்லானால் மேலே உறை போடுவது வழக்கம். பற்கூழ் போன பின்பும் பல் நிற்கிறதே, எப்படி? அதைத் தாடை எலும்போடு பிணைத்திருப்பவை வேரைச் சுற்றியுள்ள இழைகள். அவை உயிரோடுதான் இருக்கின்றன. இப்போது தகுந்த பற்களில் மேற்பகுதிக் கூழை மட்டும் நீக்கி, கால்சியம் சிலிக்கேட் சிமெண்டால் மூடி, வேரிலுள்ள கூழைக் காப்பாற்றவும் முடிகிறது. "மீளா" என்ற சொல்லின் எல்லையே சற்று நகர்ந்திருக்கிறது எனலாம்.

கிராம்பு எண்ணெய் சிறிது நேரம் வலியை மரக்கச் செய்யும்; நோயைத் தீர்க்காது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை மீளா அழற்சியின் வலியைத் தணிப்பதில்லை. எனவே கடையில் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பல் கூசினால் ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோல் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எதனால் வலித்தது? எத்தனை விநாடி நீடித்தது? தானாகவும் வலித்ததா? அந்தக் குறிப்புடன் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எல்லையைத் தாண்டுமுன் போனால், ஓர் அடைப்போடு பல் பிழைக்கும்.